பெருநிறுவனத்தோடு கைகோக்கப் போகும் மருத்துவப் புத்தொழில் நிறுவனங்களுக்கு: முதல் சந்திப்பிலிருந்து முதல் தவணை வரை

நானும் என் நண்பரும் கோவையில் ஒரு சிறு கருவியைச் செய்தோம். சலைன் பாட்டிலுக்குக் கீழே இருக்கும் சொட்டு அறையில் அதை மாட்டிவிட்டால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு இறங்குகிறது என்று எண்ணும். பாட்டில் தீரும் தறுவாயில் செவிலியர் மேசையில் ஒலி எழுப்பும். கருவியைச் செய்து முடிக்க ஒன்றரை ஆண்டு ஆனது. அதை ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தோடு சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவரப் போய், பதினான்கு மாதங்களையும் சேமிப்பில் பெரும்பகுதியையும் இழந்தோம். அதன்பின் ஒரு மருத்துவக் கருவித் தயாரிப்பு நிறுவனத்தை அணுகினோம். ஏழு மாதத்தில் ஒப்பந்தமும் முதல் தவணையும் கைக்கு வந்தன. கருவி அதேதான். நாங்கள் எடுத்துப்போன தாள்களும் கேட்ட கேள்விகளும்தான் மாறியிருந்தன.

அந்தத் தாள்களையும் கேள்விகளையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மூன்று முதல் பத்துப் பேர் கொண்ட குழுவாக இருந்து, மருத்துவமனைக் குழுமம், மருந்து நிறுவனம், கருவித் தயாரிப்பாளர் என யாராவது ஒருவருடைய கதவை முதன்முறையாகத் தட்டப்போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கானது.

1. பட்ஜெட் யார் கையில் என்று கண்டுபிடியுங்கள்

பெருநிறுவனம் என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆனால் ஒவ்வொருவரும் தேடுவது வேறு. மருத்துவமனை, செவிலியரின் நேரத்தையும் படுக்கை நாள்களையும் கணக்குப் பார்க்கிறது. கருவித் தயாரிப்பாளருக்குத் தம் விற்பனைப் பட்டியலில் இல்லாத ஒரு பொருள் வேண்டும். மருந்து நிறுவனத்துக்கு நோயாளி சீக்கிரம் கண்டறியப்பட வேண்டும். மார்பு எக்ஸ்ரேயைக் கணினியைக் கொண்டு படிக்கும் மும்பையின் க்யூர்.ஏஐ நிறுவனத்தோடு, நுரையீரல் புற்றுநோயைக் கண்டறிவதற்காக அஸ்ட்ராஜெனெகா கைகோத்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நீங்கள் சொல்லப்போகும் முதல் வாக்கியம் அவர்களுடைய கணக்கில் இருக்க வேண்டும். நாங்கள் முதல் முறை 'நோயாளியின் பாதுகாப்பு' என்று மட்டும் சொன்னோம். எல்லாரும் தலையசைத்தார்கள், எந்தப் பிரிவும் அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கவில்லை.

பல பெரிய நிறுவனங்களில் 'புத்தாக்கப் பிரிவு' என்று ஒன்று இருக்கிறது. அன்பாக வரவேற்பார்கள், நேரம் ஒதுக்குவார்கள், உண்மையான ஆர்வத்தோடு பேசுவார்கள். அவர்களால் கதவைத் திறந்துவிட முடியும். வாங்கும் அதிகாரம் பெரும்பாலும் அவர்களிடம் இருப்பதில்லை. ஆகவே முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "இந்தச் சோதனை நன்றாக முடிந்தால் எந்தப் பிரிவின் பட்ஜெட்டிலிருந்து வாங்குவீர்கள்? அந்தப் பிரிவின் தலைவரை நாங்கள் எப்போது சந்திக்கலாம்?" இதைக் கேட்பதற்கு எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலைதான் பதினான்கு மாதம்.

காலமும் முக்கியம். ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டை டிசம்பர், ஜனவரியிலேயே பேசத் தொடங்கிவிடுகின்றன. வெளிநாட்டுத் தலைமையகம் கொண்டவை பல ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைக்கின்றன. எந்தக் கணக்காண்டு என்று கேட்டு, அது தொடங்குவதற்கு ஆறேழு மாதம் முன்பாகப் பேச்சைத் தொடங்குங்கள். மே மாதம் போய் நின்றால், "நல்ல யோசனை, அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும்.

யாரையும் தெரியாது என்றால் தொழில் வளர் மையங்கள் வழியாகப் போங்கள். தரமணியில் ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்கா, கோவையில் பிஎஸ்ஜி-ஸ்டெப், ஃபோர்ஜ், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மையம் ஆகியவற்றுக்கு மருத்துவமனைகளோடும் தொழிற்சாலைகளோடும் நல்ல பழக்கம் உண்டு. அறிமுகம் இல்லாமல் நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலைவிட அவர்கள் எழுதும் இரண்டு வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

2. போவதற்கு முன்பே கோப்பைக் கட்டிவிடுங்கள்

பேச்சு சூடாக இருக்கும்போது "இந்த ஆவணத்தை அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். அப்போது அதைத் தயாரிக்க உட்கார்ந்தால் இரண்டு மாதம் போகும். அதற்குள் எதிர்த் தரப்பின் ஆர்வமும் ஆறிவிடும்.

அடிப்படைத் தாள்கள்: நிறுவனப் பதிவுச் சான்று, பான், ஜிஎஸ்டி பதிவு, பங்குதாரர் பட்டியல், கடைசி இரண்டு ஆண்டுக் கணக்கு. இவற்றோடு மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டிபிஐஐடி வழங்கும் புத்தொழில் அங்கீகாரமும், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவும் வேண்டும். இரண்டும் இணையவழியில், முற்றிலும் இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றமளித்துக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன. முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். உத்யம் பதிவை ஒப்பந்தத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். காரணம் ஏழாவது படியில் வருகிறது.

அடுத்தது காப்புரிமை. கருவியை எவரிடமும் விளக்கிக் காட்டுவதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்பையாவது (கண்டுபிடிப்பை விவரித்து நாளைப் பதிந்துவைக்கும் முதல் விண்ணப்பம்) தாக்கல் செய்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனத்துக்கு இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். பெருநிறுவனங்களுக்கு அது 8,000. தாக்கல் செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தாக வேண்டும், தவறினால் நீங்களே முந்தியவர் என்று காட்டும் முன்னுரிமைத் தேதி போய்விடும். புத்தொழில் நிறுவனங்களின் அறிவுசார் சொத்தைப் பாதுகாக்கும் அரசுத் திட்டத்தில் பட்டியலிடப்பட்ட காப்புரிமை வல்லுநர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நீங்கள் தாக்கல் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும். இதை அறியாமல் எங்கள் முதல் விண்ணப்பத்துக்கு வெளியில் 35,000 ரூபாய் கொடுத்தோம்.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் மென்பொருளை எழுதியவர் யார்? சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் பதிப்புரிமை நிறுவனத்துடையது. வெளியிலிருந்து ஒப்பந்த அடிப்படையில் எழுதியவர் என்றால், எழுத்துமூலம் மாற்றித் தராத வரை அது அவருடையதாகவே இருக்கும். மாற்றித் தரும் பத்திரத்தில் கால அளவைக் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆகவே 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்ற சொற்கள் அதில் இருக்க வேண்டும். பெருநிறுவனத்தின் சட்டப் பிரிவு இதைத்தான் முதலில் தோண்டும். எங்கள் கருவியின் எச்சரிக்கை மென்பொருளை எழுதித் தந்த இளைஞர் அதற்குள் வெளிநாடு போயிருந்தார். அவரிடம் கையெழுத்து வாங்க ஆறு வாரம் ஆனது.

கருவி என்றால் சோதனை அறிக்கைகளும் வேண்டும். இவை சர்வதேசத் தரநிலைகளின்படி நடப்பவை: மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவிக்கு ஐஇசி 60601 வரிசைச் சோதனைகள், மென்பொருளுக்கு ஐஇசி 62304, இடர் மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971, தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 13485. பக்கத்துக் கருவிகளைக் குழப்பாமலும் அவற்றால் குழம்பாமலும் இயங்குகிறதா என்று பார்க்கும் மின்காந்த இணக்கச் சோதனைக்குச் சென்னையில் மத்திய அரசின் சமீர் மையம் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனை, மின்காந்தச் சோதனை, தோல்வியடைந்து மீண்டும் செய்தது எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி ஆனது. முதல் முயற்சியில் தேறிவிடுவோம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு சுற்றுக்குப் பணமும் மூன்று மாதமும் ஒதுக்குங்கள். இந்தச் செலவுக்கு மானியம் தேடுகிறவர்கள் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கான மத்திய அரசு அமைப்பான பைராக்கின் 'பிக்' திட்டத்தைப் பாருங்கள். 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்குக் கிடைக்கும். பங்கு எதையும் கேட்பதில்லை.

3. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்

அவர்கள் அனுப்பும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் நான்கு பக்கம் இருக்கும். இருதரப்பையும் கட்டுப்படுத்துகிறதா, அவர்களை மட்டும் காக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, பார்த்தவர்களின் 'நினைவில் தங்கிவிட்ட தகவலை' அவர்கள் பயன்படுத்தலாம் என்ற பொருளில் ஒரு வரி எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் மற்ற எல்லா வரிகளும் வலுவிழந்துவிடும். நீக்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், மறுபேச்சில்லாமல் நீக்கினார்கள். கேட்காதவர்களுக்கு அது அப்படியே இருக்கிறது.

கையெழுத்தான பின்பும் மூல நிரல், மின்சுற்று வரைபடம், உணரியின் அளவீட்டு முறை ஆகியவற்றைக் காட்டத் தேவையில்லை. கருவி என்ன செய்கிறது என்பதைக் காட்டுங்கள். எப்படிச் செய்கிறது என்பது இறுதி ஒப்பந்தம் வரை உங்களிடமே இருக்கட்டும். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் என்ன காட்டினோம், யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பின்னால் வழக்கென்று வந்தால் அந்த மின்னஞ்சல்களே சாட்சி.

இந்தப் படிக்கு மூன்று வாரம் ஆகலாம். தமிழ்நாட்டில் சாதாரண ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாள் 2024 முதல் 200 ரூபாய். பழைய 20 ரூபாய்த் தாளில் அச்சிட்டுவிட்டு மீண்டும் ஓட வேண்டாம்.

4. முன்னோட்டச் சோதனை: எழுதாமல் தொடங்காதீர்கள்

நாங்கள் விழுந்த பள்ளம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் குழுமத்தின் புத்தாக்கத் தலைவர் எங்கள் கருவியை மிகவும் விரும்பினார். "இரண்டு வார்டுகளில் வைத்துப் பார்ப்போம், பிடித்தால் எல்லாக் கிளைகளிலும் வைப்போம்" என்றார். இருபது கருவிகளை இலவசமாகக் கொடுத்தோம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எங்கள் பொறியாளர் போய்ப் பழுது பார்த்தார். இரவுப் பணிச் செவிலியர்களுக்குக் கருவி பிடித்திருந்தது. ஒரு சகோதரி, "இது வந்த பிறகு பாட்டில் பார்க்க ஓடுகிற ஓட்டம் பாதியாகிவிட்டது" என்றார். அந்த வார்த்தையிலேயே நாங்கள் மயங்கிக் கிடந்தோம். ஒன்பதாவது மாதம் புத்தாக்கத் தலைவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இதனால் எவ்வளவு மிச்சம் என்று அளந்தீர்களா?" அளக்கவில்லை. எதை அளக்க வேண்டும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. கருவிகளைத் திரும்ப வாங்கப் போனபோது பதினொன்றுதான் கிடைத்தன. மற்றவை எந்த அலமாரியில் இருக்கின்றன என்று எவருக்கும் தெரியவில்லை.

ஆகவே, இரண்டு பக்கமே போதும், ஆனால் எழுதுங்கள். எத்தனை படுக்கை, எத்தனை வாரம், எந்தத் தேதியில் முடியும் என்பது இருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் போக விடாதீர்கள். எந்த ஓர் எண் மாறினால் சோதனை வெற்றி என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது முறை நாங்கள் எழுதியது இது: 'ஒரு பணிநேரத்தில் காலியான பின்பு கவனிக்கப்பட்ட பாட்டில்களின் எண்ணிக்கை, கருவி வருவதற்கு முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுகையில் பாதிக்கும் கீழே வர வேண்டும்.' முந்தைய நான்கு வாரம் என்பதைக் கவனியுங்கள். கருவி வைப்பதற்கு முன்பே அளக்கத் தொடங்காவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. வெற்றி என்றால் எத்தனை நாளுக்குள் என்ன முடிவெடுப்பார்கள், அதை எடுப்பவர் யார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அந்த நபரின் பெயரோடு பதவியையும் எழுதுங்கள். ஆள் மாறினாலும் பதவி அங்கேயே இருக்கும்.

பணம் கேளுங்கள். சிறு தொகையாக இருந்தாலும் சரி. பணம் கொடுக்கும் பிரிவு சோதனையை மறப்பதில்லை. ஆனால் இங்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு: சோதனைக்காக மட்டும் தயாரிக்கும் உரிமத்தில் செய்த கருவியை விற்கக் கூடாது. விற்பனை உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் விலைப்பட்டியலில் (இன்வாய்ஸ்) கருவிக்கு விலை போடாதீர்கள். ஆய்வுத் திட்டமிடல், பொறியாளர் வருகை, தரவு அறிக்கை என்று பணிக்கட்டணமாகப் போடுங்கள். உங்கள் வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டியபின் அனுப்புங்கள். நோயாளியின் பில்லில் அந்தத் தொகை ஒருபோதும் ஏறக் கூடாது என்பதையும் மருத்துவமனையிடம் எழுதி வாங்குங்கள்.

மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவை முதல் வாரத்திலேயே சந்தியுங்கள். உங்கள் கருவி அவர்களுடைய கம்பியில்லா இணைப்பில் சேர வேண்டும், நோயாளிப் பதிவு மென்பொருளோடு பேச வேண்டும் என்றால் அதற்குத் தனி அனுமதி, தனி வரிசை. வெளியாள் உங்கள் மென்பொருளுக்குள் புகுந்துவிட முடியுமா என்று பார்க்கும் ஊடுருவல் சோதனை அறிக்கை கேட்பார்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) அங்கீகரித்த தணிக்கையாளரிடம் செய்த அறிக்கையே செல்லும். இரண்டாவது முறை நாங்கள் சோதனைக் காலத்தில் அவர்கள் இணைப்பையே தொடாமல், எங்கள் சொந்த சிம் கார்டு வழியாக இயக்கினோம். ஐந்து வாரம் மிச்சமானது.

5. அனுமதிகள்: எது எங்கே, எவ்வளவு

2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் கருவிகளை ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன. ஏ என்றால் குறைந்த இடர், டி என்றால் மிகுந்த இடர். நோயறியப் பயன்படும் தனி மென்பொருளும் இதற்குள் வரும். 'எங்களுடையது வெறும் செயலிதான்' என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான சிடிஎஸ்சிஓ வெளியிட்டிருக்கும் வகைப்பாட்டுப் பட்டியலில் உங்கள் கருவிக்கு நெருக்கமானதைத் தேடுங்கள். உங்கள் வகுப்பை உறுதியாகச் சொல்ல முடியாமல் பெருநிறுவனத்தின் ஒழுங்குமுறைப் பிரிவின் முன் உட்கார்ந்தால் அந்தக் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

சோதனைக்காகச் சிறு எண்ணிக்கையில் தயாரிக்க எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் பெற வேண்டும். கட்டணம் ஒரு கருவிக்கு 500 ரூபாய். உரிமம் மூன்று ஆண்டு செல்லும். கட்டணம் சிறியது என்று இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், ஏனென்றால் இது இல்லாமல், நோயாளிகளிடம் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு உங்கள் கோப்பைத் திறக்காமலே இருக்கலாம். விற்பனைக்கான தயாரிப்பு உரிமத்துக்கு ஏ, பி வகுப்பென்றால் மாநில அதிகாரியிடம் எம்டி-3 படிவம். தயாரிக்கும் இடத்துக்கு 5,000 ரூபாயும் ஒவ்வொரு கருவிக்கும் 500 ரூபாயும் கட்ட வேண்டும். சி, டி வகுப்பென்றால் சிடிஎஸ்சிஓவிடம் எம்டி-7 படிவம். இடத்துக்கு 50,000, ஒவ்வொரு கருவிக்கும் 1,000. ஏற்கெனவே சந்தையில் உள்ள எதையும் ஒத்திராத புதுக் கருவியை மனிதர்களிடம் ஆராய எம்டி-22 விண்ணப்பமும் ஒரு லட்சம் ரூபாய்க் கட்டணமும் தனி.

நெறிமுறைக் குழுவை மருத்துவமனையின் உள் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். பல குழுக்கள் மாதம் ஒருமுறைதான் கூடுகின்றன. கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும். ஒரு கேள்வி எழுப்பினால் அடுத்த கூட்டம்தான். எங்களுக்குப் பதினொரு வாரம் ஆனது. அதில் ஐந்து வாரம் ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கத்தால் போனது. ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி பெயர்த்த தமிழைப் படித்துவிட்டு, குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "இதை என் அம்மாவிடம் கொடுத்தால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்குப் புரியாது" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. படிவத்தை நோயாளியோடு வரும் உறவினர் ஒருவரிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். குழு அரசிடம் பதிவு பெற்றதா என்பதையும் கேட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குழுவின் கட்டணமாக எங்களிடம் 50,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கினார்கள். இதை யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள்.

மருத்துவ ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில் பதிய வேண்டும். இலவசம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவை ஏற்பதில்லை. ஒரு வாரம் முந்திச் சேர்த்துவிட்டு, பின்னால் கட்டுரை வெளியிட முடியாமல் தவித்த குழுவை நான் நேரில் அறிவேன்.

நோயாளித் தரவு பற்றியும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்பில் கோட்டை விட்டால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். தரவுக்குப் பொறுப்பாளர் மருத்துவமனையா நீங்களா என்று ஒப்பந்தத்தில் தெளிவாக்குங்கள். பெயர், எண், முகவரி நீக்கிய தரவை மட்டும் மருத்துவமனைச் சுவருக்கு வெளியே எடுங்கள். உங்களுக்குத் தேவையில்லாத விவரத்தைச் சேகரிக்கவே வேண்டாம். எங்கள் கருவிக்குப் படுக்கை எண் போதுமானதாக இருந்தது. நோயாளியின் பெயரைக் கேட்கவே இல்லை.

6. ஒப்பந்தம்: நான்கு இடங்களில் நிறுத்திப் படியுங்கள்

முப்பது நாற்பது பக்க ஒப்பந்தம் வரும். மருத்துவக் கருவித் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுங்கள். எங்களுக்கு 60,000 ரூபாய் ஆனது. இந்தப் பயணத்தில் நான் கொடுத்த தொகைகளில் இதை மட்டும்தான் மனமாரக் கொடுத்தேன். ஆனாலும் இந்த நான்கு இடங்களை நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முதலாவது, கூட்டாகப் பிறக்கும் கண்டுபிடிப்பு. 'இருவருக்கும் சமமாகச் சொந்தம்' என்று எழுதியிருக்கும், நியாயமாகவே தோன்றும். காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமல் தாமே அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்; ஆனால் மூன்றாமவருக்கு உரிமம் தர மற்றவரின் சம்மதம் வேண்டும். தொழிற்சாலையும் விற்பனைப் படையும் அவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் தயாரித்து விற்கலாம். உங்களிடம் தொழிற்சாலை இல்லை. வேறொருவரிடம் உரிமம் கொடுத்துப் பிழைக்கலாம் என்றால் அதற்கு அவர்களுடைய சம்மதம் வேண்டும். சமம் என்ற சொல்லுக்குள் இருக்கும் சமமின்மை இது. உங்கள் மூலக் கருவியின் மேல் வரும் மேம்பாடுகள் உங்களுடையவை, அவர்களுக்குப் பயன்படுத்தும் உரிமம் உண்டு என்று மாற்றி எழுதக் கேளுங்கள். இன்னொன்று: காப்புரிமை விண்ணப்பத்தில் ஒரு பங்கைப் பெருநிறுவனத்துக்கு மாற்றினால் நீங்கள் பெற்ற கட்டணச் சலுகை போய்விடும். வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும்.

இரண்டாவது, தனியுரிமை. "வேறு எவருக்கும் விற்கக் கூடாது" என்று கேட்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடை, ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் தடை பொதுவாகச் செல்லும். ஆகவே எல்லை போடுங்கள். நாங்கள் எழுதியது: தென் மாநிலங்கள் ஐந்துக்கு மட்டும், 18 மாதத்துக்கு மட்டும், அதற்குள் குறைந்தது 600 கருவிகளை அவர்கள் வாங்க வேண்டும், அந்த எண்ணிக்கை வராவிட்டால் தனியுரிமை தானாக முடியும். எண்ணிக்கை எழுதாத தனியுரிமைக்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் கருவி அவர்கள் கிடங்கில் தூங்கும்போது உங்கள் கைகள் கட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவது, உரிமம் யார் பெயரில். இதைப் பற்றி எங்களை யாருமே எச்சரிக்கவில்லை. கருவியை அவர்கள் ஆலையில் தயாரிக்கும்போது தயாரிப்பு உரிமமும் அவர்கள் பெயரிலேயே எடுப்பது எளிது. ஆனால் பிரியும் நாள் வந்தால் அந்த உரிமம் அவர்களோடு போய்விடும். நீங்கள் முதல் படிவத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னொருவர் ஆலையில், உங்கள் பெயரிலேயே தயாரிப்பதற்குக் 'கடன் உரிமம்' என்று ஓர் ஏற்பாடு விதிகளிலேயே இருக்கிறது. ஏ, பி வகுப்புக்கு எம்டி-4 படிவம், சி, டி வகுப்புக்கு எம்டி-8. வேலை கூடுதல்தான், செய்யுங்கள்.

நான்காவது, இழப்பீடு. கருவியால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்தால் எல்லா இழப்பையும் நீங்களே ஈடுகட்ட வேண்டும் என்று எல்லையில்லாமல் எழுதியிருப்பார்கள். கடந்த 12 மாதத்தில் இந்த ஒப்பந்தத்தில் நீங்கள் பெற்ற தொகையை உச்சவரம்பாக வைக்கக் கேளுங்கள். செவிலியர் கருவியைத் தவறாகப் பொருத்தியதால் நேரும் தீங்குக்குப் பயிற்சி கொடுத்த பதிவே உங்களுக்குக் காப்பு. பயிற்சிக்கு வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே இருப்பதால், ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்.

7. பணம் கைக்கு வரும் வரை

ஒப்பந்தம் கையெழுத்தானதும் பணம் வராது. முதலில் விற்பனையாளர் பதிவு, பிறகு கொள்முதல் ஆணை, பிறகுதான் விலைப்பட்டியல். விற்பனையாளர் பதிவுக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதே அதைத் தொடங்கிவிடுங்கள். கொள்முதல் ஆணை எண் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். "ஆணை நாளைக்கு வந்துவிடும், நீங்கள் ஆரம்பியுங்கள்" என்பவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் ஆணை போடுவது அவர் வேலை இல்லை.

ஆணையில் '90 நாளில் பணம்' என்று அச்சிட்டிருக்கும். நீங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி உச்சவரம்பு 45 நாள். எழுத்து உடன்பாடு இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. புகார் செய்ய மத்திய அரசின் இணையத் தளம் இருக்கிறது. உறவு கெடுமே என்று தயங்குகிறவர்களுக்கு மென்மையான வழி ஒன்றும் உண்டு: இந்தக் கெடுவுக்குள் கட்டாவிட்டால், பணம் கட்டும் ஆண்டு வரை அந்தச் செலவை வருமான வரியில் அவர்களால் கழிக்க முடியாது. உங்கள் உத்யம் சான்றை விலைப்பட்டியலோடு இணைத்து, கணக்குப் பிரிவுக்கு இதை ஒரு வரியில் நினைவூட்டினால் போதும். மார்ச் மாதத்தில் இந்த வரிக்கு வலிமை அதிகம்.

நாங்கள் வைத்த தவணை: கையெழுத்தானதும் 40 விழுக்காடு, சோதனை பாதியில் 30, அறிக்கை கொடுத்ததும் 30. விலைப்பட்டியல் போட்டுவிட்டால் அவர்கள் பணம் தந்தாலும் தராவிட்டாலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை அடுத்த மாதமே நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். எனவே அந்தக் கட்டத்தை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் கையெழுத்திட்ட தாள் கைக்கு வந்த பிறகே வரி விலைப்பட்டியல் போடுங்கள். பணிக்கட்டணத்தில் மூலத்திலேயே பிடிக்கும் வரி 10 விழுக்காடு வரை போகும். அந்த மாதச் சம்பளக் கணக்கில் இதைக் கழித்துப் பாருங்கள்.

8. பிரியும் நாளுக்கான தாளையும் இப்போதே எழுதுங்கள்

ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாள் முன்பாக நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அந்த 90 நாளில் செய்ய வேண்டியவை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே இருக்கட்டும்: வரிசை எண்ணோடு எல்லாக் கருவிகளும் திரும்ப வருவது, நோயாளித் தரவை அழித்ததற்கான சான்று, அவர்களிடம் உள்ள உங்கள் வரைபடங்கள் திரும்புவது, நடந்த சோதனையின் முடிவை அடுத்த மருத்துவமனையிடம் காட்ட உங்களுக்கு அனுமதி. கடைசியில் சொன்னதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முதல் முயற்சி தோற்றபோது, இருந்த கொஞ்ச அளவீடுகளைக்கூட வெளியில் காட்ட எங்களுக்கு எழுத்தில் அனுமதி இல்லை. இரண்டாவது நிறுவனத்திடம், அவர்களுடைய பெயரைச் சொல்லாமல் எண்களை மட்டும் காட்டலாம் என்று ஒரு பத்தி எழுதி வாங்கியிருந்தோம். மதுரையில் எங்களை அழைத்துப் பேசிய மூன்றாவது மருத்துவமனையின் மேசையில் நாங்கள் முதலில் வைத்த தாள் அந்த எண்கள் அடங்கிய ஒற்றைப் பக்கம்தான்.